பதினேழாம் எண் மரத்தை அழிக்கச் சொன்னவர்களுக்கு

ஆய்வு வளச் சீரமைப்புக் குழுவின் தலைவர் டத்தோ அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

இம்மாதம் 30-ஆம் தேதிக்குள் வலைக்கூடத்தில் உள்ள 23 செம்பனை மரங்களையும் வெட்டித் துண்டு போட்டு, ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் அவித்து அழித்துவிட வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை என் மேசைமேல் இருக்கிறது. காரணம் என்று அதில் ஒரே ஒரு வரி: ஒன்பது ஆண்டுகளில் பயன்தரும் முடிவு எதுவும் கிடைக்கவில்லை. அந்த வரி தவறு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இதையே மலாயில் எழுதி இரண்டு முறை அனுப்பினேன். இரண்டுக்கும் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற ஒரே பதில், புள்ளிகூட மாறாமல் வந்தது. குழுவில் இரண்டு பேர் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்கள். ஆண்டுதோறும் வலைக்கூடத்தைப் பார்க்க வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இம்முறை தமிழில், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. கோலாலம்பூரில் உங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் 26 ஆண்டாக ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். குடுவை கழுவ வந்தவள், பிறகு திசு வளர்ப்பு, அதாவது செடியின் சிறு துணுக்கைக் குடுவையில் வைத்து முழுச் செடியாக வளர்ப்பது, கற்றுக்கொண்டேன். செந்தூலிலிருந்து காலை ரயிலைப் பிடித்து ஏழரைக்குள் வந்துவிடுவேன். ஆராய்ச்சி மாணவர்கள் வருவார்கள், பட்டம் வாங்குவார்கள், போவார்கள். ஒரு குடுவையில் பூஞ்சை பிடித்தால் பக்கத்துக் குடுவையை எத்தனை நாள் தள்ளி வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அங்கே மூன்று பேர். அதில் ஒருவர் போன ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டார்.

அந்த மரங்கள் என்ன என்று சுற்றறிக்கை சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஆமணக்கு விதையில் இருக்கும் எண்ணெய்யை நம் வீட்டில் விளக்கெண்ணெய் என்போம். மாதம் ஒரு முறை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய பாட்டிகள் எல்லார் வீட்டிலும் உண்டு. அந்த எண்ணெய்யின் கொழுப்பு அமிலத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். நைலான் 11 என்ற உறுதியான பிளாஸ்டிக், உயவு எண்ணெய், உதட்டுச் சாயம் என்று அதற்குத் தேவை ஏராளம். ஆனால் ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சும் சேர்ந்தே இருக்கிறது. உலக விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் குஜராத்தில். அங்கே ஒரு பருவம் மழை பொய்த்தால் இங்கே விலை ஏறும். நம் நாட்டிலோ ஐந்தரை மில்லியன் ஹெக்டருக்கு மேல் செம்பனை நிற்கிறது. நன்றாகப் பார்க்கும் தோட்டத்தில் ஹெக்டருக்கு நான்கு டன்னை ஒட்டி எண்ணெய் தருகிறது. ஆமணக்கில் அந்த அமிலத்தைச் செய்யும் மரபணுவைச் செம்பனைப் பழத்தின் சதையில் வேலை செய்ய வைத்தால், நஞ்சில்லாமல் அதே அமிலம் கிடைக்குமா? 2016-ல் எங்கள் பேராசிரியர் கேட்ட கேள்வி இதுதான்.

கேள்வி புதிதில்லை. அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது 1995-ல். அராபிடாப்சிஸ் என்ற சின்னக் கடுகினச் செடியில் அதை ஏற்றிப் பார்த்தபோது 17 விழுக்காட்டைத் தாண்டவில்லை. ஆமணக்கில் தொண்ணூறு, இங்கே பதினேழு. அந்தச் செடியின் உயிரணுவில் அமிலம் உருவாகிவிடுகிறது, ஆனால் எண்ணெய்த் துளிக்குள் போய்ச் சேர வழி தெரியாமல் இடையிலேயே தங்கிவிடுகிறது. கல்யாண வீட்டுக்குச் சமையல்காரரை மட்டும் கூட்டி வந்தால் போதாது, பந்தியில் பரிமாறத் தெரிந்தவரையும் கூட்டி வர வேண்டும். 2008-ல் ஆமணக்கின் இன்னொரு மரபணுவையும் சேர்த்து ஏற்றியபோது அளவு 30 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. நாங்கள் தொடக்கத்திலேயே இரண்டையும் சேர்த்துத்தான் ஏற்றினோம். பேராசிரியர் இதைத் தம் முதல் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார். நீங்கள் அந்த அறிக்கையைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்பது மரியாதைக் குறைவாகத் தெரியலாம். கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

இனி அந்த "ஒன்பது ஆண்டு" கணக்குக்கு வருகிறேன்.

முதல் ஆண்டு முழுக்கப் பிஞ்சுக் கருவிலிருந்து கேலஸ் என்ற வடிவமில்லாத திசுக் கட்டி எடுப்பதிலேயே போனது. செம்பனைக் கேலஸ் அவசரப்படாது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை புது ஊட்டக் கூழுக்கு மாற்ற வேண்டும்; அதில் எந்தத் துணுக்கு கருவாக மாறும், எது சும்மா ஊதிக் கிடக்கும் என்பதை நிறத்தை வைத்துத்தான் சொல்லலாம். வெளிர் மஞ்சளில் மணிமணியாக, அவித்த முட்டையின் மஞ்சள் கருவை விரலால் உதிர்த்த மாதிரி இருந்தால் வைத்துக்கொள்வோம். கண்ணாடிபோல் நீர் கோத்திருந்தால் எறிந்துவிடுவோம். 2017-ல் ஜீன் துப்பாக்கியால் மரபணு ஏற்றினோம். மரபணு பூசிய தங்கத் துகளைக் கேலஸ்மேல் சுடுவது சில நிமிட வேலை. அதன் பிறகு ஏற்றியது, ஏற்றாதது என்று பிரித்து, தளிர் விட்டு, வேர் விட்டு, மண்ணுக்கு வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. 2019 கடைசியில் முதல் கன்று தொட்டிக்கு வந்தது.

மூன்று மாதம் கழித்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. 2020 மார்ச் 18. கட்டடத்தைப் பூட்டினார்கள். கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? பேராசிரியர் ஒரு கடிதம் கொடுத்தார். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாலைத் தடுப்பில் காவலரிடம் காட்டிக் காட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் போய் வந்தேன். "செடிக்குத் தண்ணி ஊத்தவா போறீங்க அக்கா?" என்று ஒரு தம்பி நம்பாமல் கேட்டார். அந்தக் காலத்தில் 60 கன்றில் 23 பிழைத்தது. அதுவும் முடிவில்லையா?

அந்த 23-இல் பதினான்கில் இரண்டு மரபணுவும் இருக்கிறது. ஐந்தில் ஒன்று மட்டும். மீதி நான்கு, மரபணு ஏற்றாமல் ஒப்பிட வைத்திருப்பவை. இலையைக் கிள்ளி, பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்து எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறோம். "இலையில் இருக்கிறதென்றால் எண்ணெய் எங்கே?" என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் கேட்டாராம். நியாயமான கேள்வி. பதிலையும் அதே கூட்டத்தில் கேட்டிருக்கலாம். அந்த மரபணுவுக்குப் பூட்டிய சாவி பழத்தின் சதையில் மட்டும்தான் திறக்கும். இலையில் ரிசினோலிக் அமிலம் வரக்கூடாது, வந்தால் மரத்துக்கே கேடு. ஆகவே இலையைப் பார்த்து எண்ணெய்யைச் சொல்ல முடியாது. பழம் வேண்டும். பழத்துக்குப் பூ வேண்டும்.

பூ வந்துவிட்டது என்பதுதான் செய்தி.

தொட்டியில் வேர் முடங்கிக் கிடப்பதால் எங்கள் மரங்கள் வெளித் தோட்டத்து மரத்தைவிட மிகப் பிந்திவிட்டன. இரண்டு ஆண்டாக ஆண் பாளைகள் மட்டும் வந்தன. விரியுமுன்னே உறை கட்டி, வெட்டி, அவித்து அழித்தோம். 2007-ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எங்களுக்கு இடப்பட்ட ஏற்பாடு அது, ஒரு மகரந்தத் தூள்கூட வெளியே போகக்கூடாது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. இந்த மரங்களை வெளியே நடுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை. போன மாதம் பதினேழாம் எண் மரத்தில் மட்டை இடுக்கில் தடித்து உருண்ட ஒரு பாளையைப் பார்த்தேன். பெண் பாளை. உங்கள் சுற்றறிக்கை வந்தது அதற்கு எட்டாம் நாள்.

நீங்கள் வலைக்கூடத்துக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். பதினொரு நிமிடம் நின்றீர்கள். எண்ணியதற்காக மன்னிக்க வேண்டும், அப்போது என் கையில் நீர் பாய்ச்சும் கடிகாரம் இருந்தது. அந்த இடத்தில் எல்இடி விளக்கின் கீழ் அடுக்கடுக்காக லெட்டூஸ் வளர்க்கும் காட்சிக்கூடம் வரப்போகிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். லெட்டூஸ் ஆறு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும், ஒரு காலாண்டு அறிக்கைக்குள் இரண்டு முறை படம் எடுக்கலாம். செம்பனையால் அது முடியாது.

அதே நாளில் உறுப்பினர் ஒருவர், "கனோலாவில் எல்லாம் வெளிநாட்டில் முடித்துவிட்டார்களே" என்றார். முடித்தார்கள்தான். மீன் எண்ணெய்யில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பைத் தரும் கனோலா என்ற எண்ணெய் வித்துச் செடிக்கு ஆஸ்திரேலியா 2018-ல் அனுமதி கொடுத்தது. ஏழு மரபணு, பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையம் அதே கொழுப்புக்காகக் கமெலினா செடியை 2014-ல் வயலில் இறக்கியபோதும் அதற்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருந்தது. அத்தனைக்கும் அவை சில மாதத்தில் விதை தரும் செடிகள். எங்கள் மரத்தின் ஒரு தலைமுறைக்குள் அவர்கள் பத்துத் தலைமுறைக்கு மேல் பார்த்துவிடலாம். அந்தக் கடிகாரத்தை இங்கே மாட்டி மணி பார்க்கிறீர்கள்.

எல்லாம் வென்றது என்றும் நான் சொல்லவில்லை. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் கலிபோர்னியா மரமொன்றின் மரபணுவைக் கனோலாவில் ஏற்றி லாரிக் அமிலம் எடுத்தது. அந்த அமிலம் நம் செம்பனைக் கொட்டை எண்ணெய்யிலும் தேங்காய் எண்ணெய்யிலும் இயல்பாகவே இருப்பது. செடி வேலை செய்தது, வியாபாரம் ஓடவில்லை. நம் எண்ணெய் மலிவாகக் கிடைக்கும்போது மெனக்கெட்டு அதை யார் வாங்குவார்கள்? கனடாவில் குசும்பா விதையில் இன்சுலின் எடுக்க முயன்ற நிறுவனமும் 2012-ல் மூடிவிட்டது. மலிவாகக் கிடைக்கும் பொருளைத் தொடக்கூடாது, கிடைக்க அரிதானதைத் தொட வேண்டும் என்றுதான் எங்கள் பேராசிரியர் ரிசினோலிக் அமிலத்தைத் தேர்ந்தெடுத்தார். அவர் கணக்கும் தப்பலாம். பழம் பழுத்தால்தான் தெரியும்.

(என் மகள் ஒரு கேள்வி கேட்பாள், உங்களில் யாரும் கேட்காதது. சுத்திகரிக்காத செம்பனை எண்ணெய்யில் ஒரு கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் கரோட்டின் இருக்கிறது. அதனால்தான் அது அந்தச் சிவப்பு. சுத்திகரிக்கும்போது அதை அழித்து, வெளுத்து, பாட்டிலில் அடைக்கிறோம். "இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டு இல்லாததை ஏன்மா ஏத்துறீங்க?" எனக்கு இன்னும் சரியான பதில் கிடைக்கவில்லை.)

பூக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம் இல்லை, இந்த நாட்டு அனுபவம். 1980-களில் திசு வளர்ப்பில் வந்த செம்பனைக் கன்றுகளை நட்டார்கள். நாற்றில் எல்லாம் ஒன்றுபோல் அழகாக இருந்தன. பூத்த பிறகுதான் சில மரங்களில் பழம் திரிந்து, எண்ணெய் வராமல் போவது தெரிந்தது. காரணத்தை மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து 2015-ல்தான் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டு. நடுவில் ஒரு குழு வந்து "முடிவில்லை, வெட்டுங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்தக் காரணம் இன்றும் யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் 23-உம் திசு வளர்ப்பில் வந்தவைதான். பதினேழாம் மரத்தின் பழம் நேராக வருமா, திரியுமா என்பதே ஒரு முடிவு.

இனி என் வீட்டுக் கதை ஒன்று. தேவையில்லாமல் சொல்லவில்லை.

இந்த நாட்டில் முதல் முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்டது கோல சிலாங்கூரில் தென்னமாரம் தோட்டத்தில், 1917-ல். அங்கிருந்து சில மைல் தள்ளி ஒரு தோட்டத்து லயத்தில்தான் நான் பிறந்தேன். என் அம்மாவுக்குப் பூ அடிக்கிற வேலை. அப்போது செம்பனைக்கு மகரந்தம் சேர்க்க இங்கே சரியான பூச்சி இல்லை. ஆண் பூவை உலுக்கி எடுத்த மகரந்தத்தை டால்கம் தூளில் கலந்து, ரப்பர் குமிழ் வைத்த குப்பியில் போட்டுக் கொடுப்பார்கள். விடியற்காலை பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு முடிந்ததும் நிரையில் இறங்கி, மட்டை முள்ளை விலக்கி, விரிந்த பெண் பாளையாகப் பார்த்து ஊத வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் வரை வெள்ளையாக இருப்பார், திருவிழாவுக்குப் பவுடர் அடித்த மாதிரி. முழங்கை முழுக்க முள் கீறல்.

1981-ல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் அதன் வேலையைக் கண்டுபிடித்துச் சொன்னவர். நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. கொஞ்ச காலத்திலேயே பூ அடிக்கிற வேலை போய்விட்டது. அம்மாவை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அத்தனை ஆண்டு பூவைப் பார்த்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

எங்கள் வலைக்கூடத்துக்குள் அந்த வண்டு வர முடியாது. வரவும் கூடாது, அதற்குத்தான் வலை. பதினேழாம் மரத்துக்குக் கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். பெண் பூ இரண்டு, மூன்று நாள்தான் ஏற்கும். தவறினால் அந்தப் பாளை வீண். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டேன். 78 வயது, கண் மங்கிவிட்டது. "பூ பழுத்தா சோம்பு வாசம் வரும்டி. கண்ணால பாக்காத, மூக்கால பாரு. வெள்ளையா இருக்கறப்பவே ஊதிடு, செவந்துச்சுன்னா போச்சு" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, குமிழை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று உள்ளங்கையில் அழுத்திக் காட்டினார். செம்பனைப் பூவில் சோம்பு வாசத்துக்குக் காரணமான பொருள் இருப்பதைப் பேராசிரியரும் சொல்லியிருக்கிறார், அவரிடம் அதற்கு வேதிப்பெயர் இருக்கிறது.

டத்தோ அவர்களே, உறுப்பினர்களே, எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

23 மரமும் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. பதினேழாம் எண் மரம், இரண்டு மரபணுவும் உள்ள இன்னும் இரண்டு, ஒப்பிட வைத்ததில் இரண்டு, ஆக ஐந்து மரத்தை எட்டு மாதம் விட்டுவையுங்கள். பாளை விரிய ஐந்து வாரம், பழம் பழுக்க ஐந்தரை மாதம், மீதி எண்ணெய் எடுத்துச் சோதிக்க. அந்த ஐந்தும் வலைக்கூடத்தின் மேற்கு மூலையில் அடங்கிவிடும், உங்கள் லெட்டூஸுக்கு முக்கால் பங்கு இடம் கிடைக்கும். தண்ணீரும் மின்சாரமும் மாதம் 400 வெள்ளிக்கு மேல் போகாது. பழைய கட்டணச் சீட்டுகளை வைத்துத்தான் சொல்கிறேன். என் மிகைநேரச் சம்பளத்தை எழுத வேண்டாம்.

மற்ற பதினெட்டையும் அழிப்பதென்றால், அழிக்குமுன் ஒவ்வொன்றின் திசுவையும் திரவ நைட்ரஜனில் சேமிக்க இரண்டு வாரம் கொடுங்கள். கலன் இருக்கிறது, பாதி காலியாகத்தான் இருக்கிறது.

எங்கள் பதிவேடுகள் 31 இருக்கின்றன, பெரும்பாலும் என் கையெழுத்து. எந்தக் குடுவை ஏன் கெட்டது என்பது ஆய்வுக் கட்டுரையில் இருக்காது, அதில்தான் இருக்கும். அவற்றைப் பழைய தாளோடு கட்டிப் போடாமல் நூலகத்தில் வைக்க எழுத்தில் உத்தரவிடுங்கள்.

மரப்பயிர் ஆய்வுக்கு மூன்று ஆண்டு நிதி, மூன்று ஆண்டு மதிப்பீடு என்ற விதியை மாற்றுங்கள். கேலஸ், கன்று, பூ, பழம் என்று மரம் எட்டும் படியை வைத்து மதிப்பிடுங்கள். அடுத்த முறை ஓர் ஆய்வை மூடுவதா என்று உட்கார்ந்து பேசும்போது, அந்தச் செடியைக் கையால் தொட்டு வளர்த்தவர்களில் ஒருவரையாவது, உதவியாளராக இருந்தாலும், மேசையில் உட்கார வையுங்கள்.

இதெல்லாம் முடியாது, வெட்டத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், "முடிவு கிடைக்கவில்லை" என்று எழுதாதீர்கள். "பழம் பழுக்குமுன் நிறுத்தினோம்" என்று எழுதி, எல்லாரும் கையொப்பமிட்டு, பேராசிரியருக்கும் எனக்கும் ஆளுக்கொரு நகல் கொடுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் வேண்டும். அதற்குள் உங்களில் யாராவது வந்து பார்ப்பதானால் காலை எட்டு மணிக்கு வலைக்கூடத்தில்தான் இருப்பேன். மேலங்கி தருகிறேன். காலணியை வெளியே விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மிதியடியைப் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
திசு வளர்ப்பு ஆய்வக உதவியாளர்,
இரண்டாம் மாடி